பழைய கட்டடத்தில் ஊர் அருங்காட்சியகம்: தருமபுரி, கிருஷ்ணகிரி தன்னார்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு படம் வரும். வயலோரம் சாய்ந்து கிடக்கும் ஒரு கல், அதில் வில்லோ வாளோ பிடித்த வீரன். "இதையெல்லாம் எடுத்து வந்து ஒரு இடத்துல வைக்கணும்" என்று நாலு பேர் எழுதுவார்கள். ஐந்தாவது ஆள், பூட்டிக் கிடக்கும் பழைய சத்திரத்தையோ பயணியர் மாளிகையையோ ஞாபகப்படுத்துவார். ஊர் அருங்காட்சியகம் என்ற ஆசை பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறது. ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தக் கல்லைத் தூக்கி வருவதுதான் முதல் வேலை என்று நினைத்தால் ஆரம்பமே கோணலாகிவிடும். பொருளைக் காப்பாற்றுவதற்கு முன்னால், அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள வரிசையும் அந்தக் கட்சியை ஒட்டித்தான் இருக்கும்.

1. ஏற்கெனவே இருப்பதைப் போய்ப் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள், அதாவது செத்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள், இருக்கின்றன. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. சுப்பிரமணிய சிவா 1925-ல் காலமான பாப்பாரப்பட்டியில் அவருக்கு நினைவிடம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அரசு அறிவித்தது. அந்த அளவுக்கு ஆழமான வேலைக்கு ஆய்வுக்கூடமும் நிபுணர்களும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரும் தன்னார்வலர்களால் ஆகாது.

அப்படியென்றால் நமக்கு என்ன மிச்சம்? நிறைய. அரசு அருங்காட்சியகங்கள் அதிகம் தொடாத கடைசி 200 சொச்ச ஆண்டு நம் பங்கு. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து, நம் பகுதி அடங்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்து வரி போட்டுப் பார்த்ததுதான் பிற்பாடு மதராஸ் மாகாணத்துக்கே ரயத்துவாரி முறையாக, அதாவது உழவரிடமே நேராக வரி வாங்கும் முறையாக, போனது. அதன் வாலாக வந்த பட்டாவும் கிஸ்தி ரசீதும் இன்றும் பல வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்து, பிறகு ஓசூர் வரை நீண்ட குறுகிய பாதை ரயில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றப்பட்டது. அந்தத் தடம் உங்கள் ஊர் வழியாகப் போயிருந்தால் அது ஒன்றே முதல் காட்சிக்குப் போதும். பட்டுப்புழு கூடு கட்டிய சந்திரிகைத் தட்டு, கவலை இறைத்த சால், ஒகேனக்கல் பரிசல், மாம்பழ மண்டிக் கணக்கு நோட்டு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். "எங்கள் ஊரில் தண்ணீர்", "எங்கள் ஊர்ச் சந்தை" என்று ஒன்றிரண்டு பொருளில் நின்றால் போதும்.

2. குழுவைப் பதிவு செய்யுங்கள்

இது சலிப்பான வேலைதான், ஆனாலும் தள்ளிப் போடக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைந்தது 7 பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். ஆண்டுக்கொரு பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, பதிவாளருக்கு ஆண்டறிக்கை: இந்த மூன்றையும் விடாமல் செய்யக்கூடிய ஒருவரைச் செயலாளராகப் போடுங்கள். பேச்சில் கெட்டிக்காரரைத் தலைவராக வைத்துக்கொள்ளலாம்; செயலாளருக்குக் கோப்பு வைக்கத் தெரிய வேண்டும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், முன்னாள் வங்கி ஊழியர் இருவரும் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். தனியார் ஒருவர் பெயரில் இருக்கும் ஜிபே எண்ணுக்கு நன்கொடை வாங்காதீர்கள். ஊரில் பேச்சு வந்துவிட்டால் பிறகு எந்த ரசீதும் அதை மாற்றாது.

3. கட்டடம்: யாருடையது, எப்படி நிற்கிறது

சத்திரமா, பழைய அரசுக் கச்சேரியா, பள்ளிக்கூடமா, மிஷன் பங்களாவா என்பதைவிட அது யாருக்குச் சொந்தம் என்பதுதான் முதல் கேள்வி. பொதுப்பணித்துறை, ஊராட்சி ஒன்றியம், அறநிலையத்துறை, ஒரு குடும்ப அறக்கட்டளை என்று எதுவாகவும் இருக்கலாம். "நீங்க நடத்துங்க, நாங்க பாத்துக்கறோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதீர்கள். எழுத்துமூலமான அனுமதி அல்லது குத்தகை, அதில் ஆண்டு, பழுதுபார்ப்பு யார் பொறுப்பு, திரும்பக் கேட்டால் எத்தனை மாத அவகாசம் என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக இருந்தால் உரிய தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் எதுவும் செய்ய முடியாது. மத்திய அரசுப் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும்.

கட்டடத்தின் வரலாற்றைத் தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965-ல். கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004-ல். அதனால் பழைய தாள் எல்லாம் "சேலம் ஜில்லா" என்றுதான் பேசும். தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் இல்லை என்றதும் சோர்ந்துவிடாமல் சேலத்திலும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

இனி சுவர். இந்தப் பகுதிப் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை செங்கல்லோ கல்லோ வைத்துச் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. மேலே நாட்டு ஓடு, மங்களூர் ஓடு, அல்லது மரச் சட்டத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. ஊர்க் கொத்தனார் நல்லெண்ணத்தில் முதலில் சொல்வது, "உதிருதுங்க, சிமென்ட் பூசிடலாம்" என்பதுதான். வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமென்ட் மூடியதும் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, சிமென்ட் ஓரத்தில் உள்ள பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளைத் தேடுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் காரை அரைக்கும் முறை தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணி செய்பவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார்கள்.

பொருள் எதையும் உள்ளே கொண்டு வருவதற்கு முன் கூரை, மழைநீர்க் குழாய், வயரிங் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு மாதம் கட்டடத்தைக் காலியாக வைத்து, எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஓதம் காக்கிறது என்று சாக்பீஸால் குறித்து வையுங்கள். அந்தச் சுவரில் ஒருநாளும் அலமாரியைச் சாய்க்காதீர்கள். கல், உரல், ஏர் போன்ற கனமானவை எல்லாம் தரைத்தளத்தில்தான். மாடி எவ்வளவு தாங்கும் என்பதைக் கட்டடப் பொறியாளர் எழுதித் தரட்டும்.

4. எதையெல்லாம் எடுத்து வரக் கூடாது

மேலே சொன்ன அந்தக் கல்லுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரத்தில் நடுகற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆநிரை கவர்ந்ததிலும் மீட்டதிலும் செத்தவன், புலியோடு பொருதவன் என்று ஊருக்கொரு கதை. பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரைக்கும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலையைத் தொல்காப்பியம் சொல்கிறது. அப்படி ஓர் இடம் பார்த்து நட்ட கல்லை நாம் ஒரு டாட்டா ஏஸில் ஏற்றி வந்து டியூப்லைட் கீழே நிறுத்தினால், எந்த ஏரிக்கரைக்காக, எந்த வழிக்காக அது நடப்பட்டதோ அந்தச் செய்தி போய்விடும். சட்டத்தின் பார்வையிலும் அது ஆபத்து.

ஆகவே நடுகல்லுக்கு நம் அருங்காட்சியகத்தில் படம், வரைபடம், வாக்குமூலம் மூன்றும் போதும். எடுக்கும் விதம் இது. பூசாரியிடமோ நிலத்துக்காரரிடமோ முதலில் அனுமதி கேளுங்கள். சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு எதையும் எழுத்தின் மேல் தேய்க்காதீர்கள். எண்ணெய் ஏறிய கல்லைப் பிரஷ் போட்டுச் சுரண்டாதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு போய், கேமராவைக் கல்லுக்கு நேராக ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். பகலில் வெறும் சொறிக்கல்லாகத் தெரிந்ததில் முதலில் வில்லின் வளைவு எழும்பும், பிறகு கொண்டை, காலடியில் ஒரு நாய், மேல் விளிம்பில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு வரி. டார்ச்சை இடம், வலம், மேல், கீழ் என்று மாற்றி நாலு படம் எடுங்கள். அளவுகோல் ஒன்று படத்துக்குள் இருக்கட்டும். செல்போனில் இருப்பிடக் குறியையும் பதிந்துகொள்ளுங்கள், ஆனால் துல்லியமான இடத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். புதையல் தேடுகிறவர்களும் அதைப் படிப்பார்கள். எழுத்து இருந்தால் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மைப்படி எடுப்பது, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது, அவர்கள் வேலை.

மல்லசந்திரம் போன்ற இடங்களில் ஊரார் பாண்டவர் வீடு என்று சொல்லும் கற்திட்டைகளுக்கும், அதாவது பழங்காலக் கல்லறைகளுக்கும், இதே விதிதான். அங்கிருந்து ஒரு மண்ணோட்டைக்கூட எடுக்க வேண்டாம்.

சட்டத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை முக்கியமாக இரண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏர் உழும்போது கிடைத்த காசுப் பானையை யாராவது "மியூசியத்துக்கு" என்று கொண்டுவந்தால் வாங்கி வைக்காதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் போங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களும், மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடியானால் 75 ஆண்டுக்கு மேற்பட்டவையும் தொல்பொருள்தான். கல், உலோக, சுடுமண் சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் போன்றவற்றை வைத்திருப்போர் பதிவு அலுவலரிடம் பதிந்துகொள்ள வேண்டும். சாமி சிலை என்றால் எவ்வளவு சின்னதானாலும் "மன்னிச்சுக்குங்க ஐயா, எங்களால வாங்க முடியாது" என்று சொல்லிவிடுவதே நல்லது.

இன்னொரு வகைத் தாள் இருக்கிறது. 1980-ல் கர்ணம், மணியக்காரர் என்ற ஊர் அலுவலர் பதவிகளை அரசு நீக்கியபோது சில வீடுகளில் கிராமக் கணக்குகள் அப்படியே தங்கிப்போயின. அவை அரசு ஆவணங்கள். ஸ்கேன் செய்துகொண்டு மூலத்தை நாம் சொந்தம் கொண்டாடாமல் இருக்க வேண்டும். நில வழக்கு நடக்கும் குடும்பத்தின் பத்திரம் என்றால் ஸ்கேன்கூட வேண்டாம்.

5. பதிவேடு

கெட்டி அட்டை போட்ட நீளப் பதிவேடு ஒன்று வாங்குங்கள். பக்க எண் அச்சிட்டதாக இருக்கட்டும். அழியாத கறுப்பு மை, பால்பாயின்ட் வேண்டாம். எக்செல் தாளும் இருக்கலாம், ஆனால் கையால் எழுதிய ஏடுதான் மூலம்.

ஒரு பாட்டி வள்ளம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார் என்று வையுங்கள். "எங்க மாமியார் காலத்துது பாப்பா, கேவுரு அளக்கறது." இதை "பழங்கால மரப்படி" என்று எழுதி அலமாரியில் வைத்தால் அது இன்னொரு படி, அவ்வளவுதான். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கேளுங்கள். மாமியார் எந்த ஊர்? கடன் கொடுத்த கேழ்வரகைத் திரும்ப வாங்கவும் இதே வள்ளமா, வேறு வள்ளமா? தலை தட்டி அளப்பார்களா, கோபுரமாகக் குவித்தா? கூலி எத்தனை வள்ளம்? அடியில் உள்ள இந்த வெட்டுக் குறியை யார் போட்டது? பழைய அளவை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அதில் கேழ்வரகை நிரப்பி அது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று நீங்களே அளந்து எழுதுங்கள். விளிம்பில் அடித்த பித்தளைப் பட்டை, உள்ளே தேய்ந்த பக்கம், விரல் அளவு விரிசல், எல்லாம் ஏட்டில் ஏற வேண்டும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். கேவுரு என்றால் கேவுரு.

எண் போடும் முறை எளிது. ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 2025-ல் ஏழாவதாக வந்தவர் மூன்று பொருள் கொடுத்தால் 2025.7.1, 2025.7.2, 2025.7.3. இந்த எண் பொருளிலும் இருக்க வேண்டும். மரத்திலும் உலோகத்திலும் நேராக எழுதாமல், காடாத் துணிப் பட்டியில் எழுதிக் கட்டுங்கள். தாளில் மென்பென்சில் மட்டும். ஒரு முறை கொடுத்த எண்ணை, பொருள் போனாலும், இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

கொடுப்பவரிடம் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். நன்கொடையா, இரவலா என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் இரவலே வாங்காதீர்கள். பத்து வருஷம் கழித்து இரண்டு பேரன்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் சம்மதமா என்பதை வாங்கும் அன்றே கேட்டுவிட வேண்டும். பெயரைக் காட்சியில் போடலாமா என்பதையும் கேளுங்கள். சிலருக்கு அது பெருமை, சிலருக்குத் தொந்தரவு.

பேச்சைப் பதிவு செய்வதானால் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, செல்போனை மேசையில் துணி மடித்து அதன்மேல் வையுங்கள். தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவர் பெயர், பதிவுக்குச் சம்மதம் ஆகியவை ஒலியில் வர வேண்டும். "பழைய கதை சொல்லுங்க தாத்தா" என்றால் அவர் சினிமா பேசுவார். கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேட்டால் கை தானாக வேலை செய்யும், வாயும் பின்னாலேயே வரும்.

6. கெடாமல் வைத்திருப்பது

பித்தளை, செம்பு, காசு எதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். ஆர்வமுள்ள தன்னார்வலர் முதல் வாரமே இதைச் செய்யத் துடிப்பார்; தடுத்து நிறுத்துங்கள். அந்தக் கறுப்பும் பச்சையும் பொருளின் வயசு. உலர்ந்த மென்பிரஷ் போதும்.

தாளுக்கு லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் எதிரி. புகைப்படங்களைப் பசை ஒட்டும் ஆல்பத்திலிருந்து பொறுமையாக எடுத்து, பிவிசி அல்லாத உறையில் போடுங்கள். காட்சியில் எப்போதும் நகலை வையுங்கள், மூலம் பெட்டிக்குள். தாள், துணி, புகைப்படத்தின் மேல் விழும் ஒளி 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில் இருக்க வேண்டும். அது மங்கலாகத்தான் தெரியும், பார்க்கிறவர்கள் குறை சொல்வார்கள், பரவாயில்லை. மேற்கு பார்த்த ஜன்னல்களுக்குக் காடாத் திரை போடுங்கள். ஓலைச்சுவடியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசும் முறை நல்லதுதான், ஆனால் ஒருமுறை தெரிந்தவர் கையால் செய்வதைப் பார்த்த பிறகு தொடுங்கள்.

புதிதாக வரும் முறம், கூடை, துணி, புத்தகம் எதுவும் நேராக உள்ளே போகக் கூடாது. தனி அறையில் பாலித்தீன் பைக்குள் கட்டி இரண்டு வாரம் வைத்து, கீழே மரத்தூள் மாதிரிப் பொடி உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் காற்றை வெளியேற்றிக் கட்டிய பையோடு டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்த பிறகு பை அறைச் சூட்டுக்கு வரும் வரை பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் வேர்த்துவிடும். வண்ணம் பூசிய மரத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது. ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் சங்கத்தில் இருந்தால் நல்லது.

கரையானுக்கு அலமாரிக் கால்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். தீயணைப்பான் ஏபிசி தூள் வகை. பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பது யார் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் பலகையில் இருக்க வேண்டும்.

7. காட்சி

அலமாரி நிறைய அடுக்காதீர்கள். நாலு உரல் கிடைத்தால் ஒன்றை வையுங்கள். விளக்க அட்டை ஐம்பது சொல்லுக்குள், எட்டாம் வகுப்புப் பிள்ளை நின்ற இடத்தில் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கமானால் தெலுங்கிலும் கன்னடத்திலும் அட்டை வேண்டும். வீட்டில் அந்தப் பொருளை அந்த மொழியில்தான் அழைத்திருப்பார்கள். "உலகிலேயே பழமையான", "தமிழகத்திலேயே முதல்" என்ற வார்த்தைகளை எழுதத் தடை போட்டுவிடுங்கள். காலம் தெரியாவிட்டால் "கொடுத்தவரின் பாட்டி பயன்படுத்தியது" என்று எழுதினால் போதும். சாதிப் பெருமை பேசும் அட்டையைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருப்பிக் கொடுங்கள். ஊர்க் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்க முடிந்தது, யார் எடுக்க முடியவில்லை என்பதை மறைத்துவிட்டுத் தண்ணீரைப் பற்றிக் காட்சி வைக்க முடியாது.

கட்டடத்துக்கும் ஓர் அட்டை வேண்டும். ஒரு மூலையில் பூச்சை எடுத்துக் காரையும் செங்கல்லும் தெரிய விட்டால் பிள்ளைகள் அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள்.

8. ஆட்கள், நேரம், பணம்

தினமும் திறக்க ஆசைப்படாதீர்கள். போச்சம்பள்ளி மாதிரி ஞாயிறு சந்தை கூடும் ஊரில் சந்தையன்று காலை மட்டும் திறந்தாலே கூட்டம் வரும். சொன்ன நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், அது முக்கியம். எப்போதும் இரண்டு பேர் இருக்கட்டும்: ஒருவர் வாசலில், ஒருவர் உள்ளே. சாவி யாரிடம் என்பதற்குத் தனி நோட்டு. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஸ்கேன் வேலைக்கு அருமையான ஆட்கள், ஆனால் தேர்வு மாதங்களில் வரமாட்டார்கள். ஏப்ரல் 18 உலக மரபு நாளும் மே 18 உலக அருங்காட்சியக நாளும் பள்ளிகளை அழைக்கப் பொருத்தமாகத் தெரியும். ஆனால் மே மாதம் விடுமுறை என்பதால் நம் ஊருக்கு ஆடிப் பெருக்கும் பொங்கலும்தான் உதவும்.

நுழைவுக் கட்டணம் வேண்டாம், உண்டியல் போதும். பெரிய செலவு கூரை, மின்சாரம், பெட்டிகள். பெயர்ப்பலகை கேட்கும் நன்கொடையாளருக்குக் கூரையின் ஒரு பகுதியைச் சொல்லுங்கள். பளிங்குக் கல் வைக்க ஒப்புக்கொண்டால் ஓராண்டில் சுவரெல்லாம் கல்லாகிவிடும்.

9. மூடவேண்டி வந்தால்

தன்னார்வலர் அமைப்புகள் நிற்பது இரண்டு மூன்று பேர் தோளில். ஒருவர் பெங்களூருக்குப் பிள்ளை வீட்டோடு போனார், இன்னொருவருக்கு மூட்டுவலி என்றால் கதவு பூட்டிக்கொள்ளும். ஆகவே சங்க விதிகளிலேயே எழுதிவிடுங்கள்: கலைத்தால் எந்தப் பொருளும் உறுப்பினர் யாருக்கும் போகாது, விற்கவும் கூடாது. முதலில் கொடுத்த குடும்பத்துக்குத் தகவல் போகும், மூன்று மாதத்துக்குள் அவர்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால் மாவட்ட அரசு அருங்காட்சியகத்திடம் கேட்கப்படும், அவர்களும் வேண்டாம் என்றால் அருகிலுள்ள பள்ளி அல்லது கல்லூரிக்கு. பொருள் தரும் நாளில் வாங்கும் கையெழுத்துத் தாளிலும் இந்த வரிகள் அச்சாகியிருக்க வேண்டும். பதிவேட்டின் ஸ்கேன் பிரதி ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் மூன்று இடத்துக்குப் போகட்டும்: ஊர் நூலகம், செயலாளர் வீடு, வேறு ஊரில் இருக்கும் ஓர் உறுப்பினரின் ஹார்ட் டிஸ்க்.